பண ஆலோசகரிடம் போகும்போது கூட்டுக் காசையும் சொல்ல வேண்டுமா?

"மாசம் ரெண்டாயிரம் வருது, எங்கே போகுதுன்னே தெரியல." பத்து பிரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் இளைஞர்களிடம் பேசினால் இந்த வார்த்தை எப்படியும் வந்துவிடும். அடுத்து வருவது: "ஒரு ஃபைனான்ஷியல் கோச்சைப் பார்க்கலாமான்னு இருக்கு. டிக்டாக்ல ஒருத்தர் வர்றாரு."

பார்க்கலாம். ஆனால் யாரைப் பார்க்கிறோம், அவர் எதைக் கேட்பார், நாம் எதை மறைப்போம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. மலாக்கா தோட்டத்து வீடுகளின் கடன் வங்கிக் காகிதத்தில் மட்டும் இருப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் நோட்டுப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆலோசனை வேலை செய்யுமா, செய்யாதா என்பதும் பெரும்பாலும் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

கோச், பிளானர், கவுன்சலர்: மூன்றும் ஒன்றா?

இல்லை. "கோச்" என்ற பட்டத்தை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதற்கென்று மலேசியாவில் தனி உரிமம் கிடையாது. நிதித் திட்டமிடல் என்பது வேறு. 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தை மற்றும் சேவைகள் சட்டத்தின்கீழ் அது உரிமம் தேவைப்படும் தொழில். உரிமம் கொடுப்பது பங்குப் பத்திர ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா செக்குரிட்டி. காப்புறுதி சார்ந்த நிதி ஆலோசகர்கள் 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்படி பேங்க் நெகாராவின் அங்கீகாரம் பெற வேண்டும். பெயர் அட்டையில் சி.எஃப்.பி., ஆர்.எஃப்.பி. என்று போட்டிருந்தால் அது படித்த தகுதி. உரிமம் இருக்கிறதா என்பதை அந்த அமைப்புகளின் பொதுப் பட்டியலில் பெயரைத் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், இரண்டு நிமிட வேலை.

கட்டணம் வாங்கும் கோச் எல்லாரும் மோசம் என்று சொல்ல வரவில்லை. செலவு எழுதப் பழக்குவது, மாதா மாதம் "என்ன ஆச்சு?" என்று கேட்பது போன்றவற்றை ஒரு நல்ல கோச் ஒழுங்காகச் செய்வார். ஆனால் முதல் சந்திப்பிலேயே முதலீட்டு பிளான், காப்புறுதி, தங்கத் திட்டம் என்று எதையாவது கையில் திணித்தால், அவருடைய சம்பளம் உங்களிடமிருந்து வரவில்லை, விற்கும் பொருளிலிருந்து வருகிறது என்று அர்த்தம். "சிசிரிஸ் பதிவை அழிச்சுத் தரோம்" என்று முன்பணம் கேட்பவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். சிசிரிஸ் என்பது பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் பதிவேடு. வெளியாள் யாரும் அதில் கை வைக்க முடியாது. உங்கள் அறிக்கையை நீங்களே இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

கடன் கழுத்தை நெரிக்கிறது, கோச்சுக்குக் கொடுக்கவும் காசில்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு உள்ள இடம் ஏ.கே.பி.கே. பேங்க் நெகாரா 2006 ஏப்ரலில் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் இது. மலாக்காவிலும் கிளை இருக்கிறது. ஆலோசனைக்கு ஒரு காசும் வாங்குவதில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏ.கே.பி.கே. கடன் கொடுக்கும் இடமல்ல. "ஏ.கே.பி.கே. லோன்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் அது மோசடி.

முதல் சந்திப்பில் என்ன நடக்கும்?

அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். அறிக்கை, வங்கி அறிக்கை, ஒவ்வொரு கடனின் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொல்வார்கள். பிறகு ஒரு பக்கம் வருமானம், மறுபக்கம் செலவு. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. சிக்கல் முதல் வரியிலேயே ஆரம்பிக்கும்.

கணக்குப் புரிவதற்காக ஒரு இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். ஜாசின் பக்கம் பெற்றோரோடு இருக்கிறார். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி. இது 2025 பிப்ரவரியிலிருந்து நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். ஓவர்டைம் 500 வெள்ளி. இ.பி.எஃப். 11 விழுக்காடு, 187 வெள்ளி போகும். சொக்சோவையும் கழித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 2,000. மோட்டார் தவணை 250, பெர்சனல் லோன் 350, கிரெடிட் கார்டில் நிற்கும் 4,000 வெள்ளிக்குக் குறைந்தபட்சமாக 5 விழுக்காடு, அதாவது 200, போனுக்கு பே லேட்டர் 120, அம்மா கையில் 300, கூட்டு 200. மொத்தம் 1,420. மிச்சம் 580. பெட்ரோல், சாப்பாடு, டாப்-அப் எல்லாம் அதற்குள். கஷ்டம்தான், ஆனாலும் ஓடும்.

இப்போது கம்பெனியில் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றுபோகிறது. கைக்கு வருவது 1,500. கட்டவேண்டியது அதே 1,420. மாதம் முழுக்க 80 வெள்ளி.

அனுபவமுள்ள ஆலோசகர் பட்ஜெட்டை 2,000-க்குப் போடமாட்டார், 1,500-க்குப் போடுவார். ஓவர்டைம் வந்தால் அது கடனை அடைக்க. இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது: ஓவர்டைம் பணத்துக்கு இ.பி.எஃப். பிடிப்பது கிடையாது. பத்து வருஷம் ஓவர்டைம் அடித்துச் சம்பாதித்தாலும், அந்தப் பங்குக்கு ஓய்வுகாலச் சேமிப்பில் ஒரு காசும் ஏறியிருக்காது. சம்பளச் சீட்டைக் கடைசி வரி மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பதால்தான் இது கண்ணில் படுவதில்லை.

கிரெடிட் கார்டையும் பாருங்கள். ஒழுங்காகக் கட்டுபவருக்கு ஆண்டு வட்டி 15 விழுக்காடு, அடிக்கடி தவறுபவருக்கு 18. 4,000 வெள்ளிக்கு 18 விழுக்காடு என்றால் மாதம் 60 வெள்ளி வட்டி. கட்டிய 200-இல் அசலுக்குப் போவது 140. அதே மாதம் 140-க்குக் கார்டைத் தேய்த்தால் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள்.

அந்த 200 வெள்ளிக் கூட்டு

மேலே போட்ட கணக்கில் வங்கிக்குத் தெரியாத வரி ஒன்று இருக்கிறது. ஆலோசகர் முன்னால் உட்காரும்போது பலர் அதைச் சொல்வதில்லை. காரணம் இரண்டு. ஒன்று, அதைக் கடன் என்று நாம் நினைப்பதே இல்லை. நமக்கு அது சேமிப்பு. இரண்டாவது, அது சட்டத்துக்குப் புறம்பானது என்று யாரோ எப்போதோ சொன்ன பயம்.

பயத்தை முதலில் பார்ப்போம். நாட்டில் 1971-ஆம் ஆண்டு கூட்டு நிதி தடைச் சட்டம் என்று ஒன்று உண்மையாகவே உண்டு. நம் ஊர்ப் பேச்சில் புழங்கும் 'கூட்டு' என்ற சொல் ஆங்கிலச் சட்டத்தின் தலைப்பிலேயே ஏறியிருக்கிறது. அந்தச் சட்டம் தடுப்பது கூட்டு நடத்துவதை ஒரு தொழிலாகச் செய்வதை. ஆள் சேர்த்து, கமிஷன் எடுத்து, ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டு நடத்துபவர் நேராக அதில் மாட்டுவார். ஆனால் பத்து பேர் சேர்ந்த கூட்டில் யாராவது பணத்தோடு காணாமல் போனால் உங்களைக் காப்பாற்ற வங்கி வைப்புத்தொகைக்கு இருப்பதுபோல் எந்தக் காப்பும் இல்லை. அந்த அக்கா நல்லவர் என்பதுதான் ஒரே உத்தரவாதம். என் அம்மாவும் அப்படி நல்லவர்களை நம்பி இருபது வருஷம் கூட்டுக் கட்டியவர்தான். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் அதில் வந்தது. அதனால் கூட்டை மட்டம் தட்டி எழுத எனக்கு மனசு வராது.

ஆனால் கணக்கு கணக்குதான். பத்து பேர், ஆளுக்கு 200, பத்து மாதம். மொத்தப் பணம் 2,000. மூன்றாவது மாதம் ஒருவருக்கு அவசரம். 300 வெள்ளி கழிவு சொல்லி ஏலத்தில் எடுக்கிறார். கையில் 1,700. அந்த மாதத்தையும் சேர்த்து அவர் ஏற்கெனவே போட்டது 600. ஆக, அவர் உண்மையில் கடனாக வாங்கியது 1,100. இனி 7 மாதம், 200 வீதம், 1,400 கட்டவேண்டும். மற்ற மாதங்களின் கழிவில் இவர் பங்குக்கு வருவது சுமையைக் கொஞ்சம் குறைக்கும். ஆனாலும் 1,100-க்கு 300! அதே தொகையை 18 விழுக்காட்டுக் கார்டில் வாங்கி 7 மாதத்தில் கட்டி முடித்தால் வட்டி 70 வெள்ளிக்கும் குறைவு. நாம் திட்டும் கிரெடிட் கார்டு அந்த இடத்தில் மலிவு.

கடைசி மாதம் எடுப்பவருக்குக் கதை வேறு. அவருக்கு அது சேமிப்புத்தான், கழிவில் கொஞ்சம் லாபமும் உண்டு. ஆக, கூட்டு நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடைக்காது. நீங்கள் எத்தனையாவது மாதம் எடுத்தீர்கள், இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று கேட்டால்தான் கிடைக்கும். ஆலோசகருக்குத் தேவைப்படுவதும் அந்த இரண்டு எண்கள்தான். அதைச் சொல்லாமல் ஒரு கட்டுத்திட்டம் போட்டுவிட்டு வந்தால், முதல் மாதமே வங்கித் தவணைக்கா, அக்காவுக்கா என்ற கேள்வி வரும். நம் வீடுகளில் அக்காதான் ஜெயிப்பார். வங்கி கடிதம்தான் அனுப்பும். அக்கா வீட்டுக்கு வருவார், அம்மாவிடம் பேசுவார்.

மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு வைக்கும் மொய், அடகுக் கடையில் கிடக்கும் அம்மாவின் சங்கிலி, தம்பிக்கு வாங்கிக் கொடுத்த மோட்டார் என்று இந்தப் பட்டியலில் சேரவேண்டியவை இன்னும் இருக்கின்றன. எல்லாமே சொல்லக் கூச்சப்படும் வரிகள்தான்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும், மலாக்காவிலேயே. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வணிக ரீதியிலான முதல் ரப்பர் தோட்டம் அது. பிறகு புக்கிட் அசகான் பெருந்தோட்டம் வந்தது. அதன்பின் நாடெங்கும் தோட்டங்கள் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கொண்டுவந்தார்கள். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. ஆளுக்கு அவசரம் என்றால் கைமாற்றும் பெரும்பாலும் அவரிடமே. அரிசி, பருப்பு கடைப் பற்றில். சம்பள நாளில் எல்லாம் கழிந்து மீதி கைக்கு வரும். இந்திய அரசு 1938-இல் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியதோடு கங்காணி முறை முடிந்தது. ஆனால் கணக்கு எழுதுபவர் வேறொருவர், கடனாளி நாம் என்ற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. வீடு தோட்டத்துடையது, தண்ணீர் தோட்டத்துடையது, பட்ஜெட் என்ற ஒன்றைத் தானே போட வேண்டிய தேவையே தொழிலாளிக்கு வரவில்லை.

அந்த மக்கள் சேமிக்கத் தெரியாதவர்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி; தொழிலாளிகள் அதை மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. பால்மரம் வெட்டிய கை கட்டிய பத்து வெள்ளி அது. எங்கே போகிறது, யார் பொறுப்பு என்று தெளிவாகத் தெரிந்தபோது கட்டினார்கள்.

ஜாமீன் கையெழுத்து

"ஒரு கையெழுத்துதானேடா" என்று அண்ணன் கேட்டு, தங்கை போட்டுக் கொடுத்த ஜாமீன்கள் நம் குடும்பங்களில் ஏராளம். அதையும் ஆலோசகரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டம் மாறியிருக்கிறது. 2017 அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, 'சமூக ஜாமீன்தாரர்' மீது திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. லாப நோக்கம் இல்லாமல் ஒருவருடைய கல்விக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ கையெழுத்துப் போட்டவர்தான் சமூக ஜாமீன்தாரர். அதற்காகக் கடனே போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வங்கி வழக்குப் போட்டுப் பணம் கேட்கலாம், திவால் ஆக்க மட்டும்தான் முடியாது. மற்ற வகை ஜாமீன் என்றால், கடன் வாங்கியவரிடம் எல்லா வழியையும் முயன்று பார்த்த பிறகே, நீதிமன்ற அனுமதியோடு வர வேண்டும். திவால் வழக்குக்கான குறைந்தபட்சக் கடன் தொகையும் 50,000-இலிருந்து 100,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது.

பத்தாயிரம் வெள்ளிக் கடனுக்கே "நான் பேங்க்ரப்ட் ஆயிடுவேன்" என்று தூக்கம் கெட்டுக் கிடப்பவர்களுக்கு இந்த எண் ஒன்றே பாதி நிம்மதி.

ஏ.கே.பி.கே. எதைச் செய்யும், எதைச் செய்யாது?

செலவைக் குறைத்தாலே போதும் என்றால் அதோடு விட்டுவிடுவார்கள். போதாது என்றால் கடன் நிர்வாகத் திட்டம். உங்கள் சார்பாக வங்கிகளிடம் பேசி, தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டி, ஒரே தொகையாகக் கட்டும்படி ஏற்பாடு செய்வார்கள். அது வங்கிகளுக்குப் பிரிந்து போகும். மேலே சொன்ன இளைஞருக்கு மோட்டார், பெர்சனல் லோன், கார்டு மூன்றும் சேர்ந்து 800 வெள்ளி. அது குறைந்தால்தான் ஓவர்டைம் இல்லாத மாதத்திலும் மூச்சு விட முடியும்.

விலை இல்லாமல் இல்லை. கிரெடிட் கார்டை முறித்துப் போட வேண்டும். திட்டம் முடியும்வரை புதுக் கடன் கிடையாது. காலம் நீளும்போது மொத்த வட்டி கூடலாம். சிசிரிஸ் அறிக்கையில் 'கே' என்ற எழுத்தில் குறிப்பு ஏறும். கடன் கேட்டுப் போகும் எல்லா வங்கிக்கும் அது தெரியும். அடுத்த வருஷம் வீடு வாங்கும் யோசனை இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆ லோங் கடன் இந்தத் திட்டத்துக்குள் வராது. வங்கிக் கடன்போல் அதை உட்கார்ந்து பேசி மாற்றியமைக்க முடியாது. மிரட்டல் இருந்தால் போலீஸ் புகார்தான் வழி. உரிமம் பெற்ற வட்டிக் கடைக்கும் ஆ லோங்குக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானத்தோடு 12 விழுக்காடு, இதுதான் உச்சம். "மாசம் பத்து பெர்சன்ட்" என்று யாராவது சொன்னால், சுவரில் என்ன சான்றிதழ் தொங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள். பே லேட்டர் நிறுவனங்களைக் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் பயனீட்டாளர் கடன் சட்டம் 2025-இல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பி.டி.பி.டி.என். கடனுக்குத் தவணை மாற்ற வேண்டுமென்றால் நேரே பி.டி.பி.டி.என்.-இடமே கேட்கலாம்.

"இ.பி.எஃப்.-இல் இருந்து எடுத்துக் கட்டிடலாமே?" என்ற கேள்வியும் வரும். 2024 மே 11 முதல் புதிதாகச் சேரும் பணம் 75, 15, 10 என்று மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. அந்தப் பத்து விழுக்காடு போகும் ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து குறைந்தது 50 வெள்ளி முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். முதலாளி போடும் 13 விழுக்காட்டையும் சேர்த்தால், 1,700 வெள்ளிச் சம்பளக்காரருக்கு அதில் மாதம் ஏறுவது 40 வெள்ளி சொச்சம். டயர் பஞ்சரானால் உதவும். 4,000 வெள்ளிக் கார்டுக் கடனுக்கு அது விடை இல்லை.

போவதற்கு முன்னால்

சந்திப்புக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மலாக்கா டவுன் தூரம், பகல் ஷிஃப்ட் என்றால் இணையம் வழியாகவும் பேசலாம். கடிதங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். அப்பா, அம்மாவின் கடனுக்காகப் போகிறீர்கள் என்றால் நீங்கள் கூடப் போய் உட்காருங்கள். ஆனால் பதிலை அவர்களே சொல்லட்டும். பிள்ளை முன்னால் சொல்ல முடியாத கடனும் இருக்கும், ஐந்து நிமிடம் வெளியே நிற்க வேண்டி வந்தால் நில்லுங்கள்.

சிசிரிஸ் அறிக்கையை முதல் நாளே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடந்த 12 மாதம் எந்தத் தவணை எத்தனை மாதம் தவறியது என்பது அதில் இருக்கும். அதில் இல்லாதவற்றை ஒரு தாளில் கையால் எழுதுங்கள்: கூட்டு, எத்தனையாவது மாதம், இன்னும் எத்தனை பாக்கி, அடகு, மீட்க வேண்டிய தேதி, யாருக்கு ஜாமீன், எந்தக் கடனுக்கு. இரண்டு தாளையும் மேசையில் சேர்த்தே வையுங்கள்.